வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? கோடைப் பாதையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கோவைக்கு மேற்கே பூண்டியில் தொடங்கி ஏழு மலை தாண்டிப் போகிற வெள்ளியங்கிரிப் பாதையில் கோடையில்தான் ஏற முடியும். பிப்ரவரி தொடங்கி மே முடியும் வரை வனத்துறை அனுமதிக்கிறது. அதன்பின் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். பாறை வழுக்கும், மூடுபனி கண்ணை மறைக்கும். ஆக, காடு காய்ந்து கிடக்கிற, சுனை மெலிகிற, வெயில் உச்சிக்கு ஏறுகிற மாதங்களே இந்த மலைக்கு வாய்த்த பருவம்.

ஒருவழி தூரம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். ஆறுதானே என்று கேட்பவர்கள் முதல் மலைப் படிகளைப் பார்த்ததும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்கிற ஏற்றம் அது. பழகியவர்களுக்கே நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, முதல் முறை வருகிறவர்களுக்கு ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். 2024 பருவத்தில் இந்தப் பாதையில் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தார்கள். சாமி மலைக்குப் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இறந்தவர்களும் அதே நம்பிக்கையோடுதான் ஏறினார்கள்.

கீழே வருவது எல்லாம் ஒரே கணக்கைச் சுற்றித்தான்: கோடை மலையில் ஆளைக் காப்பாற்றுவது விலையுயர்ந்த ஷூவோ பையோ அல்ல, எந்த மணிக்கு எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதுதான்.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். எல்லோரும் எத்தனை மணிக்கு ஏறலாம் என்று யோசிக்கிறார்கள். எத்தனை மணிக்குள் இறங்கியாக வேண்டும் என்பதில் தொடங்குவதே சரி. ஐந்தாவது, ஆறாவது மலைகளில் பெரும்பகுதி புல்வெளி. ஒதுங்க நிழல் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அங்கே வெயில் பொரிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் அந்தப் புல்வெளியைத் தாண்டிக் கீழ்மலைகளின் மர நிழலுக்குள் வந்துவிட வேண்டும் என்றால், விடியும்போது உச்சியில் இருக்க வேண்டும். உச்சியில் விடிய வேண்டும் என்றால் இரவு பத்து, பதினொரு மணிக்குள் முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கே ஏறத் தொடங்குவதில் வேறொரு சிக்கல். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வரும். அடிவாரத்தில் எந்த நேரத்துக்கு அனுமதி என்று வனத்துறை சொல்கிறதோ அதுவே முடிவு; அதற்குள் இந்தக் கணக்கைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, அதிக எடை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள், ஒரு நோயும் இல்லை என்று நினைக்கிறவர்களும் சேர்த்தே, ஒரு முறை இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. போகலாம் என்று மருத்துவர் சொன்னால் மூன்று, நான்கு வாரம் முன்பிருந்து தினமும் அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் இந்த மலைக்கு அது பயிற்சி ஆகாது, தொடைத்தசை வேறுவிதமாக வேலை செய்கிறது. ஏறுவதைவிட இறங்குவதற்கான பழக்கம் முக்கியம்.

நாளைத் தேர்ந்தெடுங்கள். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் வருகிற கூட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறுகலான படியில் முன்னால் ஒருவர் உட்கார்ந்தால் பின்னால் நூறு பேர் நிற்க வேண்டியிருக்கும். நின்று நின்று ஏறும்போது வியர்வை உடம்பிலேயே ஆறிக் குளிரெடுக்கும், போட்ட நேரக் கணக்கும் பறிபோகும். வேண்டுதல் இல்லாதவர்கள் வாரநாளில் வாருங்கள். பௌர்ணமிக்கு முன்பின் இரண்டு நாளிலும் நிலா வெளிச்சம் ஏறக்குறைய அதே அளவுதான்.

அன்று பகலில் தூங்குங்கள். வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் பேருந்து ஏறி, தூங்காமல் மலை ஏறி, தூங்காமல் இறங்குவதுதான் இளைஞர்களின் வழக்கம். இருபத்தைந்து வயதில் அதைத் தாங்கலாம் என்பதற்காக அது நல்ல வழக்கம் ஆகிவிடாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை என்று நீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. பருவத்தில் கடைகளும் இருக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியில் சுனை நூலாகிவிடும், முன்னால் ஒரு பெரிய வரிசையும் நிற்கும். சுனை நீரை நம்பி வெறும் பாட்டிலோடு கிளம்பாதீர்கள்.

தண்ணீரைவிட அதிகம் மறக்கப்படுவது உப்பு. மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் குடித்துவந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கும் அதை வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு. மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நல்லவைதான். கலர் பானங்களும் ஊக்கபானங்களும் வேண்டாம்; பின்னவை இதயத் துடிப்பை இன்னும் ஏற்றிவிடும்.

உலர்ந்த பனியன் ஒன்று, காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று. கோடையில் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஆறரை டிகிரி அளவு குறையும். அத்தோடு ஆறாவது மலையில் நள்ளிரவுக்குப் பிறகு வீசுகிற காற்று சேர்ந்தால், அடிவாரத்தில் பனியனைப் பிழிந்தவன் மேலே பல் நடுங்குவான். நடுங்கவைப்பது குளிர் மட்டும் அல்ல, ஈரத்துணியோடு காற்றில் நிற்பது. மேலே போனதும் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டு அதன்மேல் மேல்சட்டை அணியுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், உரசும், காயாது.

மற்றவை சுருக்கமாக:

- தலையில் மாட்டும் விளக்கு. செல்போன் வெளிச்சத்தில் ஏறினால் ஒரு கை பறிபோகிறது. மேலே போவதற்குள் பேட்டரியும் தீரும், அவசரத்துக்குப் பேச முடியாது.
- மூங்கில் தடி. அடிவாரத்தில் விற்பார்கள். நெஞ்சு உயரம், வெடிப்பில்லாதது, கையில் அடங்குகிற பருமன். இறங்கிய பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் மூலையில் சாத்தாமல் ஏறப்போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.
- கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். சோறு என்றால் இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள்.
- தொப்பி அல்லது துண்டு. இறங்கும்போதுதான் வேண்டும், அதனால்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.
- அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு பிளாஸ்திரி.

காலணி பற்றிக் கேட்பார்கள். வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நிறையப் பேர், அது அவரவர் வேண்டுதல். அவர்கள் இறங்கும் நேரத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பத்து மணி வெயிலில் பாறை காலைச் சுடும், கொப்புளத்தோடு ஆயிரம் படி இறங்க முடியாது. காலணி போடுகிறவர்கள் ஒரு மாதமாவது பழகிய ஷூவைப் போடுங்கள். புது ஷூவைத் தொடங்கிவைக்க வெள்ளியங்கிரி இடமல்ல.

நடக்கும்போது

முதல் மலையை மெதுவாக ஏறுங்கள். ஏழு மலையில் மிகக் கடுமையானவை முதலாவதும் ஏழாவதும். தொடக்க உற்சாகத்தில் முதல் மலையை ஓடி ஏறியவர்கள் வெள்ளை விநாயகர் கோயில் அருகே நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லையென்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

அடிக்கடி, கொஞ்சமாக ஓய்வெடுங்கள். நின்றபடி இரண்டு நிமிடம் போதும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும், எழுந்த பிறகு பத்துப் படி ஏறுவதே புதிதாக ஏறுவது போலிருக்கும்.

எதிரே இறங்கி வருகிற சாமிகளிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். இரக்கத்தினால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “இதோ வந்துருச்சு சாமி, இன்னும் பத்து நிமிஷம்.” அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தவர்கள் உண்டு.

வழுக்குப் பாறையில் ஓரமாக ஒதுங்கி முந்தாதீர்கள். கோடையில் பாறை காய்ந்திருக்கும், ஆனால் ஆயிரமாயிரம் பாதம் தேய்த்த பளபளப்பும், அதன்மேல் படிந்த மெல்லிய புழுதியும், யாரோ சிந்திய தண்ணீரும் சேர்ந்தால் மழைக்காலத்தைவிடக் குறைவாக வழுக்காது.

இறங்கும்போதுதான் பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் போகிறது. தூங்காத கண், களைத்த தொடை, கீழ்நோக்கிய படி. சின்ன அடியாக, முழங்காலைக் கொஞ்சம் மடித்தே வையுங்கள். முதலில் தடி, பிறகு கால். உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். குதிக்கவும் ஓடவும் வேண்டாம். தரிசனம் முடிந்த குஷியில் இளைஞர்கள் ஓடித்தான் இறங்குகிறார்கள், கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான். நீங்கள் உருட்டிவிடுகிற கல் கீழே வருகிறவர் தலைக்குப் போகும் என்பதையும் யோசியுங்கள்.

செய்யக்கூடாதவை

நெருப்பு கூடாது. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைச் சூழ்ந்ததும் காய்ந்த புல்லும் காற்றும் சரிவும்தான். வெள்ளியங்கிரி மேல்மலைகளில் இருப்பவையும் அதே மூன்றும். சரிவு கூடக் கூட மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் கூடும். பத்து டிகிரி சரிவுக்கு வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. எந்த மனிதனும் அதை முந்தி ஏற முடியாது. இதனால்தான் 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டம், மறு ஆண்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ அபாயத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டது. மற்ற மலைகள் மூடப்படும் அதே வாரங்களில் வெள்ளியங்கிரி திறந்திருக்கிறது. பக்திக்கு அரசு கொடுத்திருக்கும் விலக்கு அது. அதன் பொறுப்பு ஏறுகிறவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஆகவே பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வேண்டாம். வழியில் கண்ட இடத்தில் சூடம் கொளுத்தாதீர்கள். பாறை இடுக்கில் வைத்த கற்பூரத்தைக் காற்று புல்லுக்குத் தள்ள ஒரு நொடி போதும். குளிருக்குச் சருகு கூட்டித் தீ மூட்டுகிறவர்களைக் கண்டால் வெட்கப்படாமல் அணைக்கச் சொல்லுங்கள். எங்காவது புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ, புல் இல்லாத வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கோ போங்கள். வனப்பணியாளரிடம் உடனே சொல்லுங்கள்.

ஆண்டி சுனையில் சூட்டோடு இறங்காதீர்கள். ஏழாவது மலைக்கு முன் அதில் குளித்துவிட்டுப் போவது வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் மணிக்கணக்காக ஏறி இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, அதிகாலைக் குளிர்நீரில் தலையோடு முழுகினால் தோலின் இரத்தக்குழாய்கள் ஒரே கணத்தில் சுருங்கும், இரத்த அழுத்தம் சட்டென ஏறும், மூச்சு தடுமாறும். இதயக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு, அது இருப்பதே தெரியாதவருக்கும்தான், அந்த ஒரு நொடி போதும். கால் மணி நேரம் உட்கார்ந்து மூச்சு நிதானமான பிறகு கால், கை, முகம் என்று நனைத்துப் பழக்கிவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்பது என் கருத்து. சோப்பும் ஷாம்பும் யாருக்கும் கூடாது. கீழே அதே நீரைத்தான் குடிக்கிறார்கள்.

இடி கேட்டால் உச்சியைப் பிடித்துவிடலாம் என்று விரையாதீர்கள். திறந்த புல்வெளியிலும் மலைமுகட்டிலும் நிற்கிற மனிதன்தான் அங்கே உயரமான பொருள். உடனே கீழே இறங்குங்கள், தனிமரத்தடியில் ஒதுங்காதீர்கள், குழுவாக இருந்தால் விலகி நில்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏற வேண்டாம். கிளம்பும் நாள் காலையில் வானிலை ஆய்வு மையம் கோவை மாவட்டத்துக்கு இடிமழை எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பாதையைவிட்டு விலகாதீர்கள். குறுக்குவழி என்று தெரிவதில் பாதி யானைத்தடம். இது போளுவாம்பட்டி வனச்சரகம். யானை, சிறுத்தை, கரடி, காட்டுமாடு எல்லாம் உள்ள காடு. அடிவாரத்தில் காட்டோரம் படுத்துத் தூங்குவதும், பழப்பையைத் தலைமாட்டில் வைப்பதும் யானையை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். யானையைக் கண்டால் விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், போனை எடுக்காதீர்கள். வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டாம். வாசனைத் திரவியமும் வேண்டாம். கோடையில் மலைத்தேனீக் கூடுகள் மரத்திலும் பாறையிலும் தொங்கும். புகையும் கடும் வாசனையும் அவற்றைக் கிளப்பிவிடும். பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு போவது போதும், அந்தச் சத்தத்துக்கே கரடி விலகிவிடும்.

பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். அடிவாரத்தில் பையைச் சோதிப்பார்கள். அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எவர்சில்வர் பாட்டில் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு முறைதான்.

உடம்பு பேசினால் கேளுங்கள்

நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் ஏற்றம் அங்கேயே முடிந்தது. வாயுத்தொல்லை என்று சோடா குடித்துவிட்டுத் தொடராதீர்கள். உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், வனப்பணியாளருக்குத் தகவல் போகட்டும். 108 வண்டி பூண்டி வரைதான் வரும். அங்கிருந்து மேலே சாலை கிடையாது. டோலியில் தூக்கித்தான் இறக்க வேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். ஆறாவது மலையில் வலியைச் சொல்வதற்கும் இரண்டாவது மலையில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உயிர்.

வெயிலில் இறங்கும்போது கூட வருகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிரவைப்பதுதான் முதல் சிகிச்சை, தூக்கிக்கொண்டு ஓடுவது இரண்டாவது.

குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகத்தில்தான் குழு போக வேண்டும். முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு “வரும்போது கூட்டிக்கொள்கிறோம்” என்று மேலே போகாதீர்கள். ஒருவராவது கூட இருங்கள், அல்லது சேர்ந்து இறங்குங்கள். மூன்றாவது மலையோடு திரும்பியவரைக் கேலி பேசுகிற நண்பர்களோடு மலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

இறங்கி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பூண்டியிலிருந்து ஊருக்கு அப்படியே பைக்கை எடுக்காதீர்கள். இரவு முழுக்க விழித்து, பத்து மணி நேரம் நடந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, பகல் வெயிலில் ஹேண்டிலைப் பிடித்தால் கண் தானாகச் செருகும். நிழலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் காந்திபுரம் பேருந்தில் ஏறி உட்காருங்கள்.